கோலாலம்பூரில் வென்ற கோப்பை: 1975-இல் இந்திய ஹாக்கி அணியின் வெற்றிக்குக் காரணம் யாது?

நாம் குடியேறி வாழும் இந்த ரூர்கேலா நகரில் 2023 ஜனவரித் திங்களில் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடைபெற்றது அன்பர்கள் அனைவர்க்கும் நினைவிருக்கும். பகவான் பிர்சா முண்டாவின் பெயரால் எழுந்த புதிய அரங்கில் இருபதினாயிரம் பேருக்கு மேல் அமர்ந்து ஆரவாரித்தனர். இந்திய அணி இங்கே ஸ்பெயினை 2–0 என வென்றது. இங்கிலாந்துடன் கோலின்றிச் சமமாக ஆடியது. பின்னர்ப் புவனேசுவரம் சென்று நியூசிலாந்திடம் தோற்று வெளியேறியது. அத்தோல்விக்குப் பின் எங்கு நோக்கினும் ஒரே கேள்விதான். 1971 முதல் 2023 வரை 15 முறை நடைபெற்ற இப்போட்டியில் நம் நாடு ஒரே ஒருமுறை, 1975-இல், கோலாலம்பூரில் மட்டும் வென்றது எங்ஙனம்?

இக்கேள்விக்கு மூன்று விடைகள் வழக்கில் உள்ளன. அஸ்லம் ஷேர் கானின் கழுத்துத் தாயத்து வென்று தந்தது என்பார் ஒரு சாரார். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் அல்லாததைக் கோல் என்று கொடுத்துவிட்டார் என்பது எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பழைய முறையீடு. தியான் சந்தின் இரத்தம் மகன் உடலில் ஓடியது. ஆதலின் வெற்றி கிட்டியது என்பது மூன்றாவது. மூன்றும் கேட்பதற்கு இனியவை. மூன்றிலும் ஒரு துளி உண்மையும் உண்டு. ஆயினும் தாயத்தும் கோல் கம்பமும் குலப்பெருமையும் மட்டும் ஓர் அணியை ஏழு ஆட்டங்கள் கடத்திக் கோப்பை வரை கொண்டு சேர்க்கும் என்று நம்ப நம் மனம் ஒருப்படவில்லை. நடந்ததை முறையாக எடுத்து நோக்குவோம்.

முதலில் அக்காலத்து நிலைமையைச் சொல்லுதல் வேண்டும். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956-இல் மெல்போர்ன் வரை ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவை வெல்வாரில்லை. தொடர்ந்து ஆறு தங்கப் பதக்கங்கள். முதல் பதக்கத்தை வென்ற அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, நமக்கு அண்மையிலுள்ள சோட்டா நாகபுரிக் காட்டு நாட்டவர். நமது இரயில்வேக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பிலாஸ்பூரில் பிறந்து, கரக்பூரில் பழைய பெங்கால் நாக்பூர் இரயில்வேயின் மைதானத்தில் கண்டெடுக்கப்பட்ட லெஸ்லி கிளாடியஸ் 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். இரயில்வே காலனி என்றால் ஒரு மைதானமும், அம்மைதானத்தில் மாலையில் மட்டையொலியும் இருந்த காலம் அது. இதைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு தடத்தில் ஓடிவிடும், விட்டுவிடுகிறோம்.

1960-இல் ரோமாபுரியில் பாகிஸ்தான் 1–0 என வென்று இந்தியாவின் அரியணையைப் பறித்தது. 1964-இல் டோக்கியோவில் மொகிந்தர் லால் அடித்த ஒரே கோலால் அது மீட்கப்பட்டது. அதன் பின் இறங்குமுகம்தான். 1968 மெக்ஸிகோவில் மூன்றாம் இடம். 1972 மியூனிக்கில் மீண்டும் மூன்றாம் இடம். 1971-இல் உலகக் கோப்பை என்னும் புதிய போட்டி பிறந்தது. இதற்கான கோப்பையையே வழங்கியது பாகிஸ்தான்தான் என்பதை நம்மவருள் பலர் அறியார். முதற்போட்டி பாகிஸ்தானிலேயே நடைபெற வேண்டியது. இரு நாடுகளுக்குமிடையே எழுந்த கசப்பினால் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே அரையிறுதியில் இந்தியா 1–2 எனப் பாகிஸ்தானிடம் தோற்று மூன்றாமிடம் பெற்றது.

இரண்டாம் உலகக் கோப்பை 1973-இல் ஹாலந்து நாட்டில், ஆம்ஸ்டெல்வீன் என்னும் ஊரில் நடந்தது. 1975-இன் வெற்றியை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இத்தோல்வியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. அரையிறுதியில் கோவிந்தாவின் கோலால் பாகிஸ்தானை 1–0 என வீழ்த்தி, இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை எதிர்கொண்டது இந்தியா. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சுர்ஜித் சிங் இரு கோல்கள் அடித்துவிட்டார். 2–0! கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று எண்ணாதவர் யார்? ஹாலந்து அணியினர் ஒன்று அடித்தனர். பிறகு இன்னொன்றும் அடித்துச் சமன் செய்தனர். மிகை நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. கோல் காவலர் ஒருவரைத் தவிர எதிரே எவருமில்லை. உள்ளே போட்டால் உலகக் கோப்பை. அடிக்க வந்தவர் கோவிந்தா. குடகு நாட்டு வீரர். அரையிறுதியில் வெற்றி தேடித் தந்தவரும் அவரே. அது கோலாகவில்லை. பின்னர் ஸ்ட்ரோக் முறையில் 2–4 எனத் தோல்வி.

அன்று ஆடியவருள் பலர் 1975 அணியிலும் இருந்தனர். சுர்ஜித், கோவிந்தா, அஜித்பால், அசோக் குமார், கிண்டோ ஆகியோர் கைக்கு வந்த கோப்பை நழுவியதைக் கண்ணாரக் கண்டவர்கள். அத்தகையோர்க்குப் பயிற்சியாளர் சொற்பொழிவாற்ற வேண்டிய தேவையில்லை. 1974-இல் டெஹ்ரானில் ஆசிய விளையாட்டிலும் பாகிஸ்தானுக்கு அடுத்த இடமே கிடைத்தது, புண்ணில் உப்பு.

இத்தனைக்கும் மேலே வீட்டுக்குள்ளேயே பூசல். இந்திய ஹாக்கிச் சம்மேளனத்தில் அவ்வாண்டுகளில் பதவிச் சண்டைகள் மிகுந்திருந்தன. உலகக் கோப்பைக்குச் செல்லும் அணியை யார் திரட்டுவது, யார் செலவை ஏற்பது என்பதே கேள்வியாக நின்றது. அப்போது பஞ்சாப் முதலமைச்சராக இருந்த கியானி ஜெயில் சிங், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், பயிற்சி முகாமின் பொறுப்பைத் தம் அரசு ஏற்கும் என்று முன்வந்தார். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழக வளாகத்தில் முகாம் அமைந்தது. மேலாளராக 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற பல்பீர் சிங் பொறுப்பேற்றார். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் ஹாலந்துக்கு எதிராக இந்தியா அடித்த 6 கோல்களுள் 5 இவருடையவை. பயிற்சியாளர் குருசரண் சிங் போதி.

இம்முகாமைப் பற்றி நாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். வெற்றியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு. அதற்கு முன் நம் ஆட்டக்காரர்கள் இரயில்வே, சேனை, எல்லைக் காவற்படை, விமானக் கம்பெனி, போலீஸ் என்று தத்தம் அலுவலகங்களின் அணிகளில் ஆண்டு முழுதும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடிவிட்டு, போட்டி நெருங்கியபின் ஓரணியாகக் கூடுவது வழக்கம். பஞ்சாபியர், போபால்காரர், குடகர், சென்னைக்காரர், சோட்டா நாகபுரி ஆதிவாசி எனப் பல மொழியினர். நேற்று வரை எதிரி, இன்று தோழன் என்பது வாயால் சொல்ல எளிது. பந்தைக் கொடுக்கும் கணத்தில் கை அதை நம்ப வேண்டுமே! பல மாநிலத்தார் ஒரு காலனியில் குடியிருந்து பழகிய நம் போன்றோர்க்கு இது சொல்லாமலே விளங்கும். சண்டிகரில் அவர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக ஓடினர். ஐரோப்பியர் உடல் வலிமையால் நம்மை வெல்லத் தொடங்கிவிட்டதைப் பல்பீர் சிங் நன்கு கண்டிருந்தார். ஆதலின் மட்டைத் திறனுக்கு ஈடாக ஓட்டத்துக்கும் உடல் உரத்துக்கும் முகாமில் இடம் தரப்பட்டது.

முகாம் நடந்துகொண்டிருக்கையில் பல்பீர் சிங்கின் தந்தையார் காலமானார். மகன் ஈமக் கடன்களை முடித்துவிட்டுக் காலந்தாழ்த்தாது ஆட்டக்காரர்களிடம் திரும்பி வந்தார். மேலாளர் ஒருவர் தம் அணியினரிடம் எதையும் கேட்கும் உரிமையை எவ்வாறு பெறுகிறார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மலேசியாவில் ஒரு வெள்ளிக்கிழமை அஸ்லம் ஷேர் கான் தொழுகைக்குச் செல்ல விரும்பியபோது, சீக்கியரும் இந்துவும் கிறித்தவருமாகிய மற்றையோரும் மேலாளருடன் பள்ளிவாசலுக்கு உடன் சென்றனர் என்று கூறுவர்.

1975 மார்ச் 1 அன்று போட்டி தொடங்கியது. 12 நாடுகள், இரு பிரிவுகள். இந்தியாவின் பிரிவில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அர்ஜென்டினா, கானா ஆகியவை இருந்தன. இங்கிலாந்தை 2–1 என வென்றோம். ஆஸ்திரேலியாவுடன் 1–1 எனச் சமன். கானாவை 7–0 என நசுக்கினோம். அடுத்து அர்ஜென்டினா. எவரும் பொருட்படுத்தாத அணி. அதனிடம் 1–2 எனத் தோற்றோம்!

இத்தோல்வியைப் பலர் அக்கட்டத்தின் களங்கமாகக் கூறிச் செல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏழு கோல் அடித்த மயக்கம் அன்றே தெளிந்தது. மேற்கு ஜெர்மனியை வென்றே தீர வேண்டும். இன்றேல் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிலையில் களமிறங்கி, 3–1 என வென்று, பிரிவில் முதலிடம் பெற்றது இந்தியா. நம் ஊர் உருக்காலையை எழுப்ப உதவிய மேற்கு ஜெர்மானியர் 1972-இல் மியூனிக்கில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெற்றியின் எடை விளங்கும். இதற்கு மேல் வந்த ஆட்டங்கள் யாவும் தோற்றால் முடிவு என்னும் வகையின. அவ்வகை ஆட்டம் ஒன்றை அரையிறுதிக்கு முன்னரே ஆடிப் பழகிவிட்டது நம் அணி.

அரையிறுதியில் எதிரணி மலேசியா. உலகக் கோப்பையைத் தன் வசம் வைத்திருந்த ஹாலந்தையே பிரிவு ஆட்டத்தில் 2–1 எனத் தோற்கடித்து வந்த அணி அது. இங்கே தமிழர்களாகிய நாம் ஒரு கணம் நிற்றல் வேண்டும். அவ்வணியின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் சண்முகநாதன், மகேந்திரன், பத்மராஜா, பாலசிங்கம் என்று நம் வீட்டுப் பெயர்கள்! மலாயரும் சீனரும் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் பஞ்சாபியரும் ஓரணியில் நின்றனர். இந்திய அணியிலோ வலப்புற ஓரத்தில் வி. ஜே. பிலிப்ஸ் ஓடினார், 1960, 1964, 1968 ஒலிம்பிக்குகளில் ஆடிய வி. ஜே. பீட்டரின் இளவல் அவர். இரண்டாம் கோல் காவலர் லெஸ்லி பெர்னாண்டஸும் சென்னையைச் சேர்ந்தவரே. மெர்டேக்கா அரங்கில் கூடிய பல்லாயிரவரில் தமிழ் பேசியோர் எந்தப் பக்கம் கை தட்டினர் என்று ஆராய நாம் துணியவில்லை. பிழைக்க வந்த மண் எதுவோ அதன் பக்கம் தட்டியிருந்தால் அதில் பிழையுமில்லை.

ஆட்டம் மலேசியாவின் கையில் இருந்தது. அவர்கள் முன்னேறினர், சிவாஜி பவார் சமன் செய்தார், அவர்கள் மீண்டும் முன்னேறினர். 2–1. நேரம் கரைந்துகொண்டிருந்தது. நமக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்கள் பலிக்கவில்லை. 70 நிமிட ஆட்டத்தில் 65-ஆம் நிமிடத்தை நெருங்கும்போது அணிப் பொறுப்பாளர்கள் ஒரு முடிவெடுத்தனர். பின்காவலில் ஆடிய மைக்கேல் கிண்டோவை வெளியே அழைத்து, இருக்கையில் அமர்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினர்.

இம்முடிவின் துணிச்சலை இக்காலத்து இளைஞர்கள் உணர்தல் அரிது. இன்று ஆட்டக்காரர்கள் நிமிடத்திற்கொருவராக வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கின்றனர். அன்று அவ்வாறன்று, வெளியே அழைத்தவரை மீண்டும் அனுப்ப இயலாது. கிண்டோ சாதாரணமானவரும் அல்லர். 1972 ஒலிம்பிக்கிலும் 1973 உலகக் கோப்பையிலும் பின்காவலைக் காத்த அனுபவசாலி. உள்ளே வந்தவரோ இளைஞர்; அதற்கு முன் நடந்த ஆட்டங்களில் பெரும்பாலும் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கால்கள் ஓட்டத்தில் சூடேறக்கூட இல்லை. தவறியிருப்பின் நாடு முழுவதும் மேலாளரைத்தான் தூற்றியிருக்கும்.

பெனால்டி கார்னர் கிடைத்தது. அஸ்லம் அடிக்க நின்றார். கழுத்தில் தொங்கிய தாயத்தை எடுத்து முத்தமிட்டார். கோட்டிலிருந்து பந்து தள்ளப்பட்டது. டி வட்டத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டது. எதிர்க்காவலர் பாய்ந்து வருவதற்குள் அடி விழுந்தது. கோல்! 2–2.

தாயத்தைப் பற்றிய கதை இங்கிருந்து பிறந்ததே. நாம் தெய்வ நம்பிக்கையைப் பழிப்பவர் அல்லோம். ஆயினும் பெனால்டி கார்னர் என்பது மூவர் கூடிச் செய்யும் காரியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். தள்ளுபவர் ஒருவர், நிறுத்துபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர். புல்தரையில் பந்து நேராக உருண்டு வருவதில்லை. சிறு மேடு பட்டாலும் துள்ளும். அக்காலத்தில் கையால் நிறுத்த விதி இடம் தந்தது; எனினும் பாய்ந்து வரும் பந்தை அசைவற நிறுத்துவது விளையாட்டல்ல. நிறுத்திய கணத்திற்கும் அடித்த கணத்திற்கும் இடையே இமைப்பொழுதுதான் இருக்கும். இம்மூவரும் சண்டிகர் முகாமில் எத்தனை நூறு முறை இதைச் செய்து பழகியிருக்க வேண்டும்! இருக்கையில் அமர்ந்திருந்தவரும் களத்தில் ஆடியவருக்குச் சமமாகப் பழகியிருந்தார் என்பதே இதன் உட்பொருள். தாயத்து அவர் மனத்துக்கு அமைதி தந்திருக்கலாம். கைக்குத் தந்தது பயிற்சி. அஸ்லத்தின் தந்தை அஹமத் ஷேர் கான் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியினர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மிகை நேரத்தில் ஹர்சரண் சிங் மூன்றாம் கோலை அடித்தார். 3–2. மலேசியர் கண்ணீர் விட்டனர். அவர்கள் அடைந்த நான்காம் இடம் அந்நாட்டு ஹாக்கி வரலாற்றில் இன்றும் போற்றப்படுகிறது.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 15 சனிக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரே பாகிஸ்தான். தன் அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை 5–1 எனச் சிதறடித்துவிட்டு வந்திருந்தது. கணக்குப் பார்ப்பவர் எவரும் அன்று இந்தியாவின் மேல் பந்தயம் கட்டியிருக்க மாட்டார். ஆகாசவாணியில் ஜஸ்தேவ் சிங்கின் குரல் வழியாக நாடு முழுவதும் அவ்வாட்டத்தைக் கேட்டது. தொலைக்காட்சி ஒருசில நகரங்களை மட்டும் எட்டியிருந்த காலம். டீக்கடை வாயிலிலும் ஸ்டேஷன் அறைகளிலும் டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூடிய கூட்டத்தைப் பற்றி நமக்கு மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

17-ஆம் நிமிடத்தில் முகமது ஜாகித் பாகிஸ்தானுக்கு முதல் கோலை அடித்தார். இடைவேளை வரை அதே நிலை. இதில் ஒன்றைக் கருதுக. 1973 இறுதி ஆட்டத்தில் இந்தியா முந்திச் சென்று தோற்றது. 1975-லோ அரையிறுதியில் இருமுறையும் இறுதியில் ஒருமுறையும் பின்தங்கி நின்றது. பின்தங்கியவர் நிதானம் இழந்து ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடுவது நம் அணிகளின் பழைய நோய். அன்று அது நேரவில்லை. அதற்குக் காரணம் நடுக்களத்தில் நின்ற அணித்தலைவர் அஜித்பால் சிங் என்பதில் நமக்கு ஐயமில்லை. விரைந்து ஓடுபவர் அல்லர் அவர். பந்து எங்கே வரும் என்று அறிந்து அங்கே முன்னரே நிற்பவர். பாகிஸ்தானின் முன்னணி வீரர்கள் வேகத்தில் நிகரற்றவர்கள். வேகத்தை வேகத்தால் எதிர்கொள்ளாமல், அவர்களுக்குப் பந்து போய்ச் சேரும் வழியை இடையிலேயே அடைத்தார். அவருக்குத் துணையாக நின்றவர் வரீந்தர் சிங். இரயில்வே வீரர் என்பதால் நாம் இரு சொல் கூடுதலாகப் புகழ்ந்தாலும் அன்பர்கள் பொறுத்தருள்க. ஓய்வறியாக் கால்கள் அவருடையவை. பின்னே அசோக் திவான் கோலைக் காத்தார்.

44-ஆம் நிமிடத்தில் சுர்ஜித் சிங் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். 1973-இல் இரண்டு கோல் அடித்தும் கோப்பையைக் காணாத அதே சுர்ஜித். அரையிறுதியில் சமன் செய்ததும் பெனால்டி கார்னர், இறுதியில் சமன் செய்ததும் பெனால்டி கார்னர் என்பது தற்செயல் ஆகாது. இந்தியர் மட்டையால் பந்தைக் கோலமிடுவதில் வல்லவர், கார்னரை வீணடிப்பதிலும் வல்லவர் என்று ஐரோப்பியர் ஏளனம் செய்ய இடமிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது.

51-ஆம் நிமிடத்தில் அசோக் குமார். தியான் சந்தின் புதல்வர். அவர் அடித்த பந்து கோல் கம்பத்தின் உட்புற மூலையைத் தொட்டு வெளியே தெறித்தது. நடுவர் விஜயநாதன் உடனே கோல் என்று ஊதினார். பாகிஸ்தான் வீரர்கள் சூழ்ந்துகொண்டு முறையிட்டனர். பந்து உள்ளே போகவே இல்லை என்றனர். நடுவர் தம் முடிவிலிருந்து அசையவில்லை.

இதனைப் பற்றி இத்துணை ஆண்டுகள் வழக்காடியும் தீர்ந்தபாடில்லை. நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. பந்து முழுதும் கோட்டைக் கடந்ததா என்பதைக் காணத்தக்க இடத்தில் நின்றவர் நடுவர். அவர் தயங்கவும் இல்லை. இன்றிருப்பதுபோல் படமெடுத்து நிறுத்திப் பார்க்கும் வசதி அன்று இல்லை. அது கோல் அன்று என்றே வைத்துக்கொண்டாலும், ஆட்டம் முடிய அதன் பின் 19 நிமிடங்கள் எஞ்சியிருந்தன. உலகின் மிகச் சிறந்த முன்னணி வரிசை அந்த 19 நிமிடமும் முயன்றும் ஒரு கோல் அடிக்க இயலவில்லை. ஹாலந்துக்கு எதிராக 2–0 என்னும் முன்னிலையைக் காக்க இயலாத அணி, பாகிஸ்தானுக்கு எதிராக 2–1 என்பதைக் காத்தது. கம்பத்தில் பட்ட பந்தைப் பற்றிப் பேசுவோர் இந்த 19 நிமிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நம் பக்கத்துப் பாராட்டுரைகளிலும் அது அதிகம் இடம்பெறுவதில்லை என்பது நமது சிறு குறை.

தியான் சந்தைப் பற்றியும் ஒரு சொல். மகன் அடித்த கோலால் வென்ற கோப்பையைத் தந்தை தம் வாழ்நாளில் கண்டார். 1979 டிசம்பரில்தான் மறைந்தார். 1936-இல் பெர்லினில் ஒன்றாக ஆடிய தியான் சந்த், அஹமத் ஷேர் கான் ஆகிய இருவரின் மைந்தர்கள் 39 ஆண்டு கழித்து ஒரே அணியில் அடுத்தடுத்த ஆட்டங்களில் நாட்டைக் காத்தது வியப்புக்குரியதே. ஆயினும் பிள்ளைகள் இருவரும் 1973-லோ 1974-லோ தந்தையரின் பிள்ளைகளாக இல்லாமற் போகவில்லையே! அப்போது கிட்டாத வெற்றி 1975-இல் கிட்டியதாயின், காரணத்தை இரத்தத்தில் தேடுவதைவிடச் சண்டிகர் மைதானத்தில் தேடுவதே முறை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறிவிட்டது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை விரித்தனர். அதே அஜித்பால் தலைமையில் சென்ற அணி ஏழாம் இடம் பெற்றது. மேடு பள்ளமில்லாத அத்தரையில் பந்து விரைந்து ஓடியது. பந்தைத் தடவித் தடவிக் கொண்டுசெல்லும் நம் கலைக்கு அங்கே வேலையில்லை. அத்தகைய தரைகள் நம் நாட்டில் பரவப் பல ஆண்டுகள் சென்றன. 1980 மாஸ்கோவில் நம் தமிழகத்து வி. பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்றது தனிக்கதை. அதனை மற்றோர் ஆண்டு மலரில் எழுத எண்ணம். அண்மையில் டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலங்கள் வந்தன. உலகக் கோப்பை மட்டும் வரவில்லை.

இறுதியாக, அரையிறுதியின் 65-ஆம் நிமிடத்தில் வெளியே வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது உளது. அவர் நம் ஊர்க்காரர். மைக்கேல் கிண்டோ இன்றைய ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதிவாசிக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து ஹாக்கி ஆடி உயர்ந்தார். 1972-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆதிவாசிகளுள் அவ்விருதை முதலிற் பெற்றவர் அவரே என்பர். பின்னர் ரூர்கேலா உருக்காலையில் பணிபுரிந்து இங்கேயே தங்கிவிட்டார். இறுதி ஆட்டத்தில் அவருடைய இடத்தில் அஸ்லம் ஆடினார். கோப்பை வென்ற அணியின் படத்தில் கிண்டோவும் நிற்கிறார். பிரிவு ஆட்டங்களில் பின்காவலில் அவர் நின்றிராவிடில், அஸ்லம் இறங்குவதற்கு ஓர் அரையிறுதியே இருந்திராது. வெளியே அழைத்தபோது அவர் முகம் எப்படியிருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. தாயத்தைத்தான் எழுதி வைத்தனர்.

சுந்தர்கர், சிம்டேகா மாவட்டத்துச் சிற்றூர்களில் மூங்கிலை வளைத்து மட்டையாக்கி ஆடும் சிறுவர்களிடம் கேட்டால் இப்பெயரைச் சொல்வார்கள். நம் காலனியில் பலருக்குத் தெரியவில்லை என்பதனாலேயே இக்கட்டுரைக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டோம். கிண்டோ 2020 டிசம்பர் 31 அன்று ரூர்கேலாவில் காலமானார். உலகக் கோப்பைப் போட்டி இவ்வூருக்கு வந்தது 2023 ஜனவரி 13 அன்று.